மூச்சின் துணைவர்கள் (வரலாற்றுத் தொடர்) – 14: பாடுகிறவரைப் பின்தொடர்ந்த பெட்டி

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி திங்கட்கிழமையன்று, தேசமெங்கும் ஊரடங்கு நிலவி, தோப்பும்படியிலிருந்து இடக்கொச்சிக்குச் செல்லும் சாலை பட்டப்பகலிலும் வெறிச்சோடிக் கிடந்த வேளையில், எங்கள் பள்ளுருத்தியில் தம் இல்லத்திலேயே, 84 வயதில், மலையாள நாட்டின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் எம். கே. அர்ஜுனன் காலமானார். வேறொரு சமயமாயிருந்தால் கொச்சி நகரமே திரண்டு வந்து அவரை வழியனுப்பியிருக்கும். கொள்ளைநோய்க் காலத்து விதிகளை அனுசரித்துச் சொற்பமான பேர் மாத்திரம் கூடி நின்று அந்திமக் கிரியைகளை நடத்தி முடித்தார்கள். தமிழர்களாகிய நாம் அவரை விசேஷமாக நினைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இளம் பிராயத்திலே தந்தையை இழந்து வறுமையில் வாடிய அந்தச் சிறுவன் பழனியிலுள்ள ஜீவகாருண்யானந்த ஆசிரமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே குமரய்யா பிள்ளை என்ற ஆசிரியரிடம் சங்கீதம் பயின்று, பிறகு கொச்சிக்குத் திரும்பி வந்து, நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து, 1968-இல் 'கறுத்த பௌர்ணமி' என்ற படத்தின் மூலம் சினிமாவுக்குள் நுழைந்தவர். பழனி மலையடிவாரத்தில் கற்ற வித்தை பள்ளுருத்தியில் வந்து குடியேறியது என்று நாங்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

சுவாச யந்திரங்களின் சரித்திரத்தை எழுதிவரும் நான் ஒரு சங்கீத வித்துவானிடமிருந்து இந்த அத்தியாயத்தைத் தொடங்குவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஆர்மோனியப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். கையால் இழுத்து அழுத்தும் வெளித்துருத்தி ஒன்று. அது அனுப்பும் காற்றை வாங்கித் தேக்கிவைக்கும் உள்துருத்தி ஒன்று. இந்த உள்துருத்தியை வில்கள் சதா அழுத்திக்கொண்டே இருப்பதனால், கை இழுக்கும்போதும் ஓயும்போதும் பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு வழி திறந்து காற்று கொஞ்சமாய்ப் போகிறது. நாலு கட்டைகளை அமுக்கினால் அதிகமாய்ப் போகிறது. எவ்வளவு காற்று போகவேண்டும் என்பதைப் பெட்டி நிர்ணயிப்பதில்லை. கேட்கிறவன் கேட்ட மட்டும் கொடுப்பது, கொடுக்கையில் அழுத்தம் தளராமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவே அதன் வேலை. 1971-இல் ஸ்வீடன் தேசத்தில் வெளிவந்த ஒரு சுவாச யந்திரத்தின் நெஞ்சுக்குள்ளும் இதே போல வில் அழுத்தும் துருத்தி ஒன்று இருந்தது. அந்தத் துருத்தியின் சந்ததியைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

அர்ஜுனன் மறைவதற்குச் சில தினங்களுக்கு முன், மார்ச் 28-ந் தேதி, கேரளத்தின் முதல் கொரோனா மரணம் களமசேரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நேர்ந்தது. இறந்தவர் மட்டாஞ்சேரிப் பக்கத்து முதியவர். அன்றுமுதல் 'வென்டிலேட்டர்' என்ற சொல் எங்கள் பகுதியில் மீன் விலையைப்போல வீட்டுக்கு வீடு பேசப்படும் சொல்லாயிற்று. டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கும் போர்ட் கொச்சி வேளியின் தோபிகானாவில், ஊரடங்கு தளர்ந்தபின் ஒரு நாள், கரி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "தம்பி, அந்த மெஷின்ல போட்டுட்டா, அப்புறம் விடுற மூச்சு ஆளோட மூச்சா, மெஷினோட மூச்சா?" வைத்திய சாஸ்திரம் முப்பது வருஷ காலம் திண்டாடிய கேள்வியை அவர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார் என்பதை அப்போது அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

சென்ற அத்தியாயத்தில் கோபன்ஹேகன் நகரத்துப் பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் 1952-ஆம் வருஷத்து இளம்பிள்ளைவாதப் பெருநோயின்போது நடந்த அதிசயத்தைக் கண்டோம். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரின் யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தி, சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு அமர்ந்து, ரப்பர்ப் பைகளைக் கையால் அழுத்தி, மொத்தம் 1,65,000 மணி நேரம் பிறருக்காகக் காற்றை ஊதினார்கள். அதிலே நான் சொல்லாமல் விட்ட நுட்பம் ஒன்று உண்டு. கைக்கு அறிவு உண்டு. நோயாளி தானாகச் சிறிது இழுக்க முயன்றால் பை கைக்குள்ளே மெத்தென்று இளகும். அந்த இளக்கத்தை உணர்ந்து விரல்கள் அதே க்ஷணத்தில் அழுத்திக் கொடுக்கும். நோயாளி இருமினால் பை எதிர்க்கும். விரல்கள் உடனே நெகிழும். குழந்தைக்குச் சோறூட்டும் தாயின் கை, வாய் திறக்கும் தருணத்துக்குக் காத்திருப்பதைப் போன்ற பொறுமை அது. கார்ல்-குன்னார் எங்ஸ்டிரோம் முதலானோர் அந்தக் கைகளுக்குப் பதிலாகக் கொண்டுவந்த யந்திரங்களுக்குப் பலம் இருந்தது, அயர்வின்மை இருந்தது. ஆனால் அந்த இளக்கத்தை அறியும் அறிவு இருக்கவில்லை.

நிமிஷத்துக்கு இத்தனை தடவை, தடவைக்கு இத்தனை அளவு என்று திருகி வைத்துவிட்டால், நோயாளி விழித்திருந்தாலும் தூங்கினாலும், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும், அவ்வளவையும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் அந்த யந்திரங்கள் ஓயும். இளம்பிள்ளைவாதத்தால் தசைகள் முற்றிலும் செயலற்றுப்போனவருக்கு அது அமிர்தம். ஆனால் நிமோனியாவாலோ, பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின்னோ படுத்திருப்பவரின் மூளை, தன் சுவாசத்தைத் தானே நடத்திக்கொண்டிருக்கிறது. அவர் வெளியே விடும்போது யந்திரம் உள்ளே தள்ளும். அவர் உள்ளே இழுக்கும்போது யந்திரத்தின் கதவு மூடியிருக்கும். ஆஸ்பத்திரிகளில் இதை 'மெஷினோடு சண்டை போடுகிறார்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சண்டையில் யந்திரத்தைத் திருத்த வழி தெரியாத காலத்தில் நோயாளியைத்தான் அடக்கினார்கள்; மயக்க மருந்தும், தசைகளைக் கட்டிப்போடும் மருந்தும் கொடுத்து அவரை அசைவற்றுக் கிடக்கச் செய்தார்கள். அன்றைக்கு அதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் உயிரைக் காக்க வந்த துணை, காக்கப்பட்டவனின் சுயபிரயத்தனத்தை அணைத்த பிறகே வேலை செய்ய முடிந்தது என்பது அந்தச் சரித்திரத்தில் வருத்தமான பக்கம்.

யந்திரத்துக்குச் செவி முளைத்தது படிப்படியாக. உயரப் பறக்கும் விமானிகளுக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதற்கென்று ரே பென்னட்டும் பாரஸ்ட் பேர்டும் அமெரிக்காவில் செய்த வால்வுகள், விமானி இழுக்கும்போது மாத்திரம் திறக்கும் சுபாவம் உடையவை. அவையே இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தன. 1950-களின் பிற்பகுதியில் வந்த பேர்டின் பச்சைநிறப் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம்; காற்றின் அழுத்தமும் காந்தங்களும் சேர்ந்து அதை நடத்தின. நோயாளி சிறிது இழுத்தால் அது உணர்ந்து ஊதத் தொடங்கும். தொடக்கம் மாத்திரமே நோயாளி கையில். எவ்வளவு வேகமாக, எதுவரை என்பதெல்லாம் பெட்டியின் இஷ்டம். 1973-இல் அமெரிக்க வைத்தியர் ஜான் டௌன்ஸும் அவருடைய சகாக்களும் வேறொரு ஏற்பாடு செய்தார்கள்: யந்திரம் இடையிடையே சில மூச்சுகளைக் கட்டாயமாகக் கொடுக்கும், நடுவே நோயாளி தன்னிஷ்டப்படி விட்டுக்கொள்ளலாம். ஐ.எம்.வி. என்று பெயர்பெற்ற இந்த முறை பத்துப் பதினைந்து வருஷம் உலகமெங்கும் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அதிலே கட்டாய மூச்சு முழுதும் யந்திரத்துடையது, இடைப்பட்ட மூச்சு முழுதும் நோயாளியுடையது. ஒரே மூச்சில் இருவரும் கைகோக்க அதில் இடமில்லை.

ஸ்வீடனில் லுண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் ஜான்சனும் ஸ்வென் இங்கல்ஸ்டெட்டும் வகுத்த யோசனையிலிருந்து பிறந்த சர்வோ 900 என்ற பெட்டிதான் நான் முன்னே குறிப்பிட்டது. வில் அழுத்தும் துருத்தியிலிருந்து காற்று புறப்படும். மெல்லிய ரப்பர்க் குழாயைக் கத்தரிக்கோல் போன்ற இரண்டு எஃகுக் கரங்கள் நெருக்கியும் தளர்த்தியும் அந்தக் காற்றை மட்டுப்படுத்தும். உள்ளே போகும் ஓட்டத்தையும் வெளியே வரும் ஓட்டத்தையும் தனித்தனியே அளக்கும் கருவிகள் ஒவ்வொரு கணமும் சொல்லும் செய்தியைக் கேட்டு, அந்தக் கரங்கள் தங்கள் பிடியைத் திருத்திக்கொண்டே இருக்கும். கேட்டுத் திருத்துதல், திருத்தியபின் மறுபடி கேட்டல் என்ற இந்தச் சக்கரம்தான் கோபன்ஹேகன் மாணவரின் விரல்களில் இருந்த வித்தை. 1980-களின் தொடக்கத்தில் வந்த 900 சி என்ற மாதிரியில் புதிய திருகு ஒன்று ஏறியது. வைத்தியர்கள் அதைப் 'பிரஷர் சப்போர்ட்' என்றார்கள். நாம் அழுத்தத் துணை என்று சொல்லலாம்.

அதன் செயலை நிதானமாகச் சொல்லவேண்டும். இந்த அத்தியாயத்தின் சாரம் அதுவே. நோயாளி உதரவிதானத்தை இறக்கி மூச்சை இழுக்கத் தொடங்குகிறார். குழாயில் அழுத்தம் ஓரிரு சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குக் குறைவதையோ, காற்றோட்டம் சற்றே திசைமாறுவதையோ யந்திரம் உடனே கண்டுகொள்கிறது. அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தால் அளப்பது வைத்தியர் வழக்கம். சர்பத் கடையில் தம்ளரில் ஸ்ட்ராவை விட்டு, பானத்தை ஒரு சாண் உயரத்துக்கு உறிஞ்சினீர்களானால், அப்போது வாயில் ஏற்படும் இழுவிசை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தண்ணீர். இழுப்பைக் கண்டுகொண்ட யந்திரம், வைத்தியர் குறித்துவைத்த மட்டத்துக்கு, உதாரணமாகப் 12 சென்டிமீட்டருக்கு, குழாயின் அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தி அங்கேயே நிறுத்துகிறது. நோயாளி பலமாக இழுத்தால் அதிகக் காற்று ஓடும். மெல்ல இழுத்தால் குறைவாக ஓடும். அழுத்தம் மாத்திரம் மாறாது. நுரையீரல் நிரம்ப நிரம்ப ஓட்டம் தானே தளர்ந்து வரும். உச்சத்தில் இருந்த ஓட்டத்தில் நாலில் ஒரு பங்காக அது குறைந்ததும், 'இவருக்குப் போதும்' என்று அறிந்து யந்திரம் கையை எடுத்துவிடுகிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் இழுப்பது, நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்ற மூன்றும் நோயாளியின் அதிகாரத்தில் இருக்கின்றன. கச்சேரியில் பாகவதர் எங்கே இழுத்தாலும் அங்கே போய், எங்கே நிறுத்தினாலும் அங்கே நின்று, ஸ்ருதியை மாத்திரம் தளரவிடாமல் காக்கிற பக்கவாத்தியத்தை இதற்கு ஒப்பிடாமல் வேறு எதற்கு ஒப்பிடுவது?

இந்தத் துணை எதற்கு என்று கேட்டால், தொண்டைக்குள் போட்ட டியூபே முதற்காரணம். பெரியவர்களுக்குப் போடும் டியூபின் உள்விட்டம் 7, 8 மில்லிமீட்டர்தான். சிறுவயதில் பப்பாளி இலைக்காம்பை வாயில் வைத்து ஊதி விளையாடியவர்கள் அதன் வழியாகவே ஒரு மணி நேரம் மூச்சு விட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், ஏற்கெனவே களைத்துப்போன நோயாளியின் அவஸ்தை புரியும். அந்த இடைஞ்சலை ஈடுசெய்ய மாத்திரம் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை வேண்டியிருக்கும் என்பது பொதுவான கணக்கு. நுரையீரல் விறைத்துப்போயிருந்தால் 15, 20 வரைகூடப் போவதுண்டு. உயரத்தை வைத்துக் கணிக்கும் எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் காற்று ஒவ்வொரு மூச்சிலும் போனால் திருப்தி. ஆனால் எண்ணைப் பார்த்துத் திருகுவதைவிட நோயாளியைப் பார்த்துத் திருகுவதே சிறந்தது என்பதை நிலைநாட்டியவர் பிரான்ஸ் தேசத்து லோரான் ப்ரோஷார். பாரிஸுக்கு அருகே கிரெட்டேய் நகரத்து ஆன்றி மோந்தோர் ஆஸ்பத்திரியில் அவரும் சகாக்களும் செய்து 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அழுத்தத் துணை போதிய அளவு இருக்கும்போது உதரவிதானம் சோர்வதில்லை என்றும், அந்தப் போதிய அளவு எது என்பதைக் கழுத்தோரத் தசையே காட்டிக்கொடுக்கும் என்றும் கண்டார்கள். காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் அந்தத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறுபோல் புடைத்தால் துணை போதவில்லை. அது அடங்கிச் சாந்தமாயிருந்தால் போதும். பல லட்சம் ரூபாய் யந்திரத்தின் பக்கத்தில் நின்று, நோயாளியின் கழுத்தில் ஒரு விரலை வைத்துப் பார்க்கிற நர்ஸின் செய்கைக்குப் பின்னே இந்த ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் நீல் மெக்கின்டயர் 1986-இலேயே அழுத்தத் துணையில் நோயாளிகள் கூடுதல் சௌகரியம் அடைவதை எழுதியிருந்தார் என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

யந்திரத்திலிருந்து மனிதனை மீட்பதற்கு இங்கிலீஷில் சொல்லும் 'வீனிங்' என்ற வார்த்தை, குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக் குறிப்பது. நம் பாட்டிமார்கள் முலைக்காம்பில் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பதும் உண்டு. நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வருவதும் உண்டு. ஐ.சி.யு.விலும் இந்த இரண்டு கட்சிகள் எழுந்தன. டியூபை யந்திரத்திலிருந்து கழற்றி, ஆங்கில எழுத்து 'டி' வடிவக் குழாயில் மாட்டி, முழுச் சுமையையும் நோயாளி மேலேயே போட்டுச் சோதிப்பது ஒரு கட்சி. அழுத்தத் துணையை 18-இலிருந்து 16, 14 என்று படிப்படியாக இறக்குவது மற்றொரு கட்சி. 1994-இல் ப்ரோஷார் வெளியிட்ட பரீட்சையில் 109 நோயாளிகள் இருந்தார்கள். அழுத்தத் துணையில் இறக்கப்பட்டவர்களுக்குச் சராசரி 5.7 நாள் போதியிருக்க, மற்ற முறைகளில் 9.3 நாள் ஆயிற்று. அடுத்த வருஷமே ஸ்பெயின் தேசத்து ஆந்திரேஸ் எஸ்தெபானும் சகாக்களும் நேர்மாறான செய்தியோடு வந்தார்கள்: தினம் ஒருமுறை துணையில்லாமல் சோதித்துப் பார்க்கும் முறையே மிகச் சிறந்தது, அது அழுத்தத் துணை முறையைவிட ஏறக்குறைய இரட்டிப்பு விரைவில் நோயாளியை விடுவிக்கிறது என்றார்கள்.

இரண்டு பெரியவர்களும் இரு துருவங்களாய் நிற்கையில் யாரை நம்புவது என்று படிக்கிறவர்கள் மயங்கியது நியாயமே. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு விளங்கியது இது. ப்ரோஷார் அழுத்தத்தை 8 வரை இறக்கியதும் டியூபை எடுக்கத் துணிந்தார். எஸ்தெபானின் குழுவினர் 5 வரை இறங்கக் காத்திருந்தார்கள். மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்தில் ஒரு முறையின் கீர்த்தி ஏறவும் இறங்கவும் செய்திருக்கிறது. இதைவிட முக்கியமான செய்தி எஸ்தெபானின் ஏட்டில் வேறொரு மூலையில் இருக்கிறது: அவர் சோதித்த 546 பேரில் 416 பேர் முதல் சோதனையிலேயே தேறிவிட்டார்கள். அதாவது நாலில் மூன்று பங்குப் பேருக்குப் படிப்படியான எந்த முறையும் தேவைப்படவில்லை. தயாராயிருந்தும் யாரும் கேட்டுப் பார்க்காததால் யந்திரத்தில் கிடந்தார்கள். ஐ.எம்.வி. முறை இவ்விரு பரீட்சைகளிலும் பின்தங்கிப்போய், மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. பிறகு 2019-இல் ஸ்பெயினிலேயே 1,153 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய பரீட்சை இரண்டு கட்சிகளையும் சந்தி செய்துவைத்தது: இரண்டு மணி நேரம் டி-குழாயில் வாட்டுவதைவிட, 8 சென்டிமீட்டர் அழுத்தத் துணையோடு அரைமணி நேரம் மாத்திரம் சோதித்து எடுத்தவர்களே அதிகம் தேறினார்கள், நூற்றுக்கு 82.3 பேர், மற்றவரில் 74.

முகமூடி வழியாகக் கொடுக்கும் அழுத்தத் துணையைப் பற்றி எழுதத் தனி அத்தியாயமே வேண்டும். இப்போது இவ்வளவு போதும். நெடுங்காலப் புகையால் நுரையீரல் நைந்தவர்கள் திடீரென்று திணறும்போது, தொண்டையில் டியூப் போடாமல், முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க் மூலம் இதே துணையைக் கொடுக்கலாம் என்று ப்ரோஷார் 1990-இல் எழுதினார். 1995-இல் 85 பேரைக் கொண்டு நடந்த பரீட்சையில், மாஸ்க் கட்டியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கே பின்னால் டியூப் தேவைப்பட்டது. கட்டாதவர்களில் 74 பேருக்கு. மரணமும் 29-இலிருந்து 9-ஆகக் குறைந்தது. மாஸ்க்கில் ஓரத்துக் கசிவு இருந்தால் மாத்திரம் ஓர் உபத்திரவம் உண்டு: காற்றோட்டம் நாலில் ஒரு பங்காகக் குறைவதேயில்லை, நோயாளி வெளியே விட ஆசைப்படும்போதும் யந்திரம் ஊதிக்கொண்டேயிருக்கும்.

இவ்வளவும் ஐரோப்பாவின் கதையாகவே இருக்கிறதே என்று எண்ணவேண்டாம். நம் பக்கத்துத் தீவில், பேராதனையில், சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987-இல் உலகுக்கு அறிவித்த ஒரு கண்டுபிடிப்பு, நம் நாட்டு ஐ.சி.யு.க்களின் சரித்திரத்தோடு பின்னிப் பிணைந்தது. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை உட்கொண்டு கொண்டுவரப்பட்டவர், முதல் நாளின் வாந்தியும் வியர்வையும் உமிழ்நீர்ப் பெருக்கும் அடங்கி, பிழைத்தார் என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில், 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கழுத்துத் தளர்ந்து, மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும் நிலையைப் பத்து நோயாளிகளிடம் கண்டு, அதற்கு இடைநிலை நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். அவர்களில் நால்வருக்கு யந்திரம் அவசரமாகத் தேவைப்பட்டது. வாதம் 18 நாள் வரை நீடித்தது. தமிழ்நாட்டின் நெல் ஜில்லாக்களிலும் பருத்தி ஜில்லாக்களிலும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எந்த வைத்தியருக்கும் இந்தக் கழுத்துச் சோதனை தெரியும். இந்த நோயாளிக்குத் தொடக்கத்தில் அழுத்தத் துணை உதவாது. இழுக்கிறவர் இழுத்தால்தானே பின்தொடர்கிற யந்திரம் தொடரும்? அந்த நாட்களில் பழைய கட்டாய முறையே உயிரைக் காக்கிறது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழிந்து, ஒரு விடியற்காலையில் திரையில் ஓடும் கோட்டில், யாரும் கட்டளையிடாத சின்னப் பள்ளம் ஒன்று தோன்றும். மனிதன் திரும்பி வந்துவிட்டான் என்பதற்கு அது அடையாளம்; அந்தப் பள்ளத்திலிருந்துதான் அழுத்தத் துணையின் வேலை தொடங்குகிறது. கட்டுவிரியன் கடித்துத் தசையோய்ந்தவர்களிடமும் இதே காட்சியைக் காணலாம்.

பின்தொடர்கிறவனுக்கும் பிழைகள் உண்டு. நோயாளி மூச்சை நிறுத்திவிட்டால் அழுத்தத் துணை சும்மா காத்திருக்கும். ஆகையால் குறித்த சில வினாடிகள் கடந்தால் மணியடித்துத் தானே கட்டாய மூச்சுக்கு மாறும் காவலை எல்லா யந்திரங்களிலும் வைத்திருக்கிறார்கள். துணை மிகுந்தாலும் விபரீதம். அளவுக்கு மிஞ்சி ஊதினால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, தூக்கத்தில் மூளை 'மூச்சுக்கு அவசரமில்லை' என்று இருந்துவிடும். 2002-இல் பார்த்தசாரதியும் மார்ட்டின் டோபினும் சோதித்த 11 நோயாளிகளில் 6 பேருக்கு அழுத்தத் துணையின்போது தூக்கத்தில் இவ்வாறு மூச்சு நின்று நின்று தொடர்ந்தது. வேலையே கொடுக்காமல் வைத்தாலோ உதரவிதானம் மெலிந்துவிடும். 2008-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 18 முதல் 69 மணி நேரம் முழு யந்திரச் சுவாசத்தில் இருந்த, மூளைச்சாவடைந்து உறுப்புதானம் செய்தவர்களின் உதரவிதான நார்கள் ஏறக்குறையப் பாதியாகச் சிறுத்திருந்தன. மூன்று நாளுக்குள் பாதி! இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து, 'இன்னும் இரண்டு நாள் ஓய்வாக மெஷினிலேயே இருக்கட்டும்' என்று அன்போடு சொல்லும் உறவினர்களைக் கண்டால் எனக்குத் துணுக்கென்கிறது.

கொள்ளைநோய்க் காலத்துக்குத் திரும்புகிறேன். 2020-ஆம் வருஷ வசந்தத்தில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரை திருநாள் ஆராய்ச்சி நிலையத்தார், ஆம்பு பையை யந்திரக் கரத்தால் அழுத்தும் எளிய கருவியை உருவாக்கிப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து தயாரிக்க முனைந்தார்கள். கோபன்ஹேகன் மாணவரின் ரப்பர்ப் பை எழுபது வருஷத்துக்குப் பின் நம் கரையில் வந்து ஒதுங்கியதைப்போல அது எனக்குத் தோன்றிற்று. மே மாதம் 13-ந் தேதி பி.எம். கேர்ஸ் நிதி அறக்கட்டளை, உள்நாட்டில் செய்த 50,000 வென்டிலேட்டர்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அவற்றில் 30,000 பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு, மைசூரு ஸ்கான்ரே கம்பெனியின் வடிவமைப்பு. பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவை நல்ல காரியமே. ஆனால் இந்த அத்தியாயத்தை இவ்வளவு தூரம் படித்தவர்கள் கேட்கக்கூடிய கேள்வி, எத்தனை பெட்டி என்பதோடு நில்லாது. கழுத்துத் தசையைத் தொட்டுப் பார்க்கிறவர், ஓட்டத்தின் கோட்டைப் படிக்கிறவர், 14-ஐ 12 ஆக்கத் துணிகிறவர் எத்தனை பேர்? ஓர் ஐ.சி.யு. நர்ஸைப் பயிற்றுவிக்க வருஷங்கள் வேண்டும். அவர்களைப் பயிற்றி உலகத்துக்கெல்லாம் அனுப்பிக் கொடுத்த நாடு இது. பெட்டிகளுக்குக் கொடுத்த பத்திரிகைத் தலைப்புகளில் பாதியையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

தோபிகானாப் பெரியவரிடம் மறுமுறை சென்றபோது எனக்கு வார்த்தை கிடைத்திருந்தது. "ஐயா, முதல் சில நாள் மெஷினோட மூச்சு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து விடுற மூச்சு. ஆள் இழுக்க ஆரம்பிச்சா, அது கூடவே கைகொடுக்கும், நாளுக்கு நாள் கையைத் தளர்த்தும்" என்றேன். அவர் சற்றுநேரம் யோசித்து, "சைக்கிள் கத்துக் கொடுக்கிறப்ப பின்னால சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவோமே, அந்த மாதிரியா?" என்று கேட்டார். என் ஆர்மோனிய உபமானத்தைவிட அது பொருத்தமாயிருந்தபடியால் ஆமென்று தலையசைத்தேன்.

எர்ணாகுளத்து ஐ.சி.யு.க்களில் இந்த ஓட்டம் விடியற்காலையில் நடக்கிறது. மயக்க மருந்தை நிறுத்துவார்கள். நோயாளி கண் விழித்ததும் பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடிக்கச் சொல்வார்கள்; இருமச் சொல்வார்கள். துணையை 8-க்கு இறக்கிவிட்டு, சிஸ்டர் கட்டில் பக்கத்திலேயே நிற்பார். அரைமணி நேரம். நிமிஷத்துக்கு 35-க்கு மேல் மூச்சு ஏறாமல், வியர்க்காமல், கழுத்து புடைக்காமல் அது கழிந்துவிட்டால், டியூபைக் கட்டியிருக்கும் நாடாவை அவிழ்ப்பார்கள்.

இழுப்பின் அளவுக்கு ஏற்பத் துணையின் அளவையும் கூட்டிக் குறைக்கிற யந்திரம் வேண்டுமென்று கனடாவில் மக்டி யூனஸ் 1990-களின் தொடக்கத்தில் யோசித்ததையும், உதரவிதானத்தின் மின்துடிப்பையே நேராக ஒட்டுக்கேட்டுப் பின்தொடரும் கருவியைக் கிறிஸ்டர் சிண்டர்பியும் சகாக்களும் 1999-இல் அறிவித்ததையும் அடுத்த அத்தியாயத்தில் எழுதுவேன்.